பலகை ஏறாத விமானம்

அந்தக் குட்டி விமான நிலையத்தில் பெட்டியை எடை போட வைத்ததுமே அவளுக்குப் பழைய சண்டை ஞாபகம் வந்துவிட்டது. அண்ணன் கடற்கரையில் ஆசையாக வாங்கிய அலைச்சறுக்குப் பலகையோடு இதே இடத்தில்தான் நின்றான். பதினாறு பேர் உட்காரும் விமானத்தில் பலகை ஏறாது என்று சொல்லிவிட்டார்கள். "அப்ப நானும் ஏறலை!" என்று தரையில் சம்மணம் போட்டுவிட்டான், நாற்பது வயது மனுஷன். அவளுக்கு மானமே போயிற்று.

கடைசியில் பலகையை இங்கே சாமான் அறையில் விட்டுப் போனார்கள். வருஷா வருஷம் விடுமுறைக்கு வந்து எடுப்பான், அலையில் குப்புற விழுவான், திரும்பும்போது விட்டுப் போவான். அவள் கரையில் அவன் சட்டைக்குக் காவல் உட்கார்ந்து திட்டித் தீர்ப்பாள்.

அண்ணன் இறந்த பிறகு இந்த வருஷம் பழக்க தோஷத்தில் தனியாக வந்திருந்தாள். கடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவளை அடையாளம் தெரிந்துகொண்ட ஊழியர் பலகையைத் தூக்கி வந்தார். அதில் கட்டியிருந்த அட்டையில் அண்ணனின் கோழிக் கிறுக்கல். விட்டுப் போகும்போதெல்லாம் அந்த வருஷத்தை அடித்துவிட்டு, திரும்ப எடுக்க வரும் வருஷத்தை எழுதியிருந்தான். அடிக்காமல் இருந்தது இந்த வருஷம் மட்டும்தான்.

"இப்ப பெரிய விமானம்க்கா. தாராளமா ஏத்தலாம்."

"பேனா இருக்கா தம்பி?"

இந்த வருஷத்தை அடித்துவிட்டு அடுத்த வருஷத்தை எழுதினாள்.

"எடுத்த இடத்துலயே வச்சிடுங்க. யாராவது தொட்டா நடக்கறதே வேற."