பிடிலோடு ஏரியைக் கடந்தவள்

அக்கரை ஊரில் ஸேடி வேலை பார்த்த சலவைக்கடை வாசலில் டொமினிக் வந்து நின்றதுமே அவள் கையிலிருந்த துணியைக் கீழே போட்டாள். அவன் முழங்கால்வரை பனி அப்பியிருந்தது. பீவர் தீவிலிருந்து உறைந்த ஏரியின் மேலேயே வண்டி ஓட்டி வந்திருக்கிறான் என்பது கேட்காமலே தெரிந்தது.

"அக்கா, வாட்டி மாமா வழுக்கி விழுந்து மணிக்கட்டை ஒடச்சிக்கிட்டாரு. நாளைக்கு வின்னிக்குக் கல்யாணம். பிடில் வாசிக்க ஆளில்ல."

வின்னி அவன் கூடப்பிறந்த தங்கை. ஸேடிக்குச் சித்தி மகள். நாளை விட்டால் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அது முடிந்து ஈஸ்டர் வரும்வரை தீவில் கல்யாணமும் கிடையாது, ஆட்டமும் கிடையாது.

"கடைக்காரன்கிட்டதான் கிராமபோன் இருக்கே. அதப் போட்டு ஆடுங்க."

"அதுல நம்ம மெட்டு ஒண்ணாவது இருக்கா? பெரியவங்க அயர்லாந்துலேருந்து கொண்டாந்ததெல்லாம் வாட்டி மாமாவ விட்டா உன் கையிலதான் இருக்கு."

"அதுக்கு நான் சாகணுமாடா?"

டொமினிக் தொப்பியைக் கழற்றிக் கையில் திருகிக்கொண்டு நின்றான். ஸேடியின் அண்ணன் ஓவன் ஒரு பனிக்காலத்தில் தபால் மூட்டையோடு இந்த ஏரியில்தான் பனி உடைந்து மூழ்கிப் போனான். மே மாதம் மீன்வலையில் பிணமாகக் கிடைத்தான். அதற்குப் பிறகு கோடையில் கப்பலில் போய் வருவாளே தவிர, பனிமேல் அவள் கால் வைத்ததில்லை.

ஆனால் அவளை வேறொரு பயமும் அரித்துக்கொண்டிருந்தது. போன வாரம் அறையில் தனியாக உட்கார்ந்து வாசித்தபோது, அப்பாவின் மெட்டு ஒன்றில் பின்பாதி நினைவுக்கு வரவேயில்லை. விரல் அந்தரத்தில் நின்றது. கூட வாசிக்கவோ ஆடவோ ஒருவரும் இல்லாத ஊரில், மெட்டுகள் ஒன்றொன்றாக இப்படித்தான் மறந்துபோகும் என்று நினைத்து அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

பிடிலைக் கம்பளியில் சுற்றி, முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சறுக்குவண்டியில் ஏறினாள். "பேசிக்கிட்டே ஓட்டு. நீ வாய மூடினா எறங்கிடுவேன்" என்றாள்.

அவனும் பேசினான். மாப்பிள்ளை புதுச்சட்டையைத் துவைத்துச் சுருக்கிவிட்டது, சித்தி அவனைத் திட்டியது, எல்லாம் சொன்னான். வண்டியில் பூட்டியிருந்த பெக் என்கிற சின்னக் குதிரை தலையாட்டியபடி ஓடியது. பாதை தெரிவதற்காகப் பனியில் நட்டிருந்த ஊசியிலை மரக்கன்றுகள் ஒவ்வொன்றாகப் பின்னே போயின. பனிக்கட்டி அடியில் எங்கோ முனகும்போதெல்லாம் ஸேடி ஜெபமாலையை இறுக்கினாள்.

பாதி ஏரி தாண்டியிருக்கும். தெற்கிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று அடித்தது. கொஞ்ச நேரத்தில் மூடுபனி இறங்கி அடுத்த கன்று தெரியாமல் போயிற்று. டொமினிக்கின் பேச்சு நின்றது.

"பேசுடா."

"சும்மா இரு அக்கா. பனியோட சத்தம் கேக்கணும்."

துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். பெக் முன்னால் குப்புற விழுந்தது. அடுத்த கணம் அதன் முதுகு தண்ணீருக்குள் இருந்தது. டொமினிக் குதித்துக் கத்தியால் வார்களை அறுத்தான். வண்டி விளிம்பிலேயே நின்றது. குதிரையின் குளம்புகள் விளிம்பை உடைத்து உடைத்து ஓட்டையைப் பெரிதாக்கின. அதன் கண்ணில் வெள்ளை மட்டுமே தெரிந்தது.

"கழுத்துல சுருக்கப் போடு! இறுக்கு!"

"செத்துடும்டா!"

"மூச்சு உள்ள நின்னாத்தான் மிதக்கும். இழு!"

தீவில் பிறந்த எல்லோருக்கும் கேள்விப்பட்டுத் தெரிந்த விஷயம்தான். செய்வது வேறு. ஸேடி குப்புறப் படுத்துக் கயிற்றை வீசினாள். இறுக்கினாள். அந்தப் பிராணி அலறவும் முடியாமல் அவளையே பார்த்தது. நாக்கு வெளியே வந்தது. அவள் அழுதுகொண்டே இன்னும் இறுக்கினாள். உதைப்பது நின்றது. வயிறு உப்பி, பீப்பாய்போல ஒருக்களித்து மேலே வந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். ஈரப்பனியில் அது வழுக்கி ஏறியதும் ஸேடி முடிச்சைப் பிய்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. முஷ்டியால் விலாவில் குத்தினாள். "எழுந்திரு, பாவி, எழுந்திரு!" விசில் போல ஒரு மூச்சு வந்தது. பிறகு இன்னொன்று.

நிம்மதியாக உட்கார விடவில்லை அந்த ஏரி. டொமினிக் வந்த வழியைப் பார்த்தான். அவர்கள் கடந்து வந்த இடத்தில் கறுப்பாகத் தண்ணீர் ஓடியது. பிளவு அகன்றுகொண்டிருந்தது.

"நாம இருக்கறது கரையோட ஒட்டின பனிதானா? இல்ல, மெதக்குதா?"

"தெரியல" என்றான் அவன். முதல்முறையாக அவன் குரல் நடுங்கியது. ஸேடியை ஏரியைவிட அதிகமாகப் பயமுறுத்தியது அந்தக் குரல்தான்.

வண்டியை விட்டுவிட்டுக் குதிரையை நடத்திக்கொண்டு போனார்கள். ஒரு கன்றைத் தொட்டதும் அவள் அதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவன் கயிற்றின் நீளத்துக்குப் போய் அடுத்ததைத் தேடிக் குரல் கொடுப்பான். குரல் வரும்வரை அவள் மூச்சுவிடவில்லை. ஒவ்வோர் அடியிலும் ஓவன் எந்த அடியில் போனானோ என்றே நினைத்தாள். காலடியில் கூழாங்கல் இடறியபோதும் அதைக் கல்லென்று நம்பவில்லை. குனிந்து கையுறையைக் கழற்றித் தடவிப் பார்த்து, தீவுக் கரைதான் என்று உறுதியான பிறகே உட்கார்ந்து வாந்தியெடுத்தாள்.

மறுநாள் கல்யாணப் பூசை முடிந்து சித்தி வீட்டுச் சமையலறையில் மேசை நாற்காலிகளை வெளியே தூக்கிப்போட்டார்கள். கட்டுப்போட்ட கையோடு வாட்டி மாமா அடுப்போரம் உட்கார்ந்திருந்தார்.

"அடுப்ப விட்டு நகரமாட்டேங்கறியே, குளிரா?"

"பயம் மாமா. இன்னும் போகல."

"அதப் போகச் சொல்லி நான் கேக்கலியே. வாசி."

முதல் மெட்டில் வில் தடுமாறியது. வின்னி காத்திராமல் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆட ஆரம்பித்துவிட்டாள். பலகைத்தரை அதிரத் தொடங்கியது. அந்த அதிர்வு உள்ளங்காலில் ஏறியதும் ஸேடிக்குப் பனி பிளப்பதுபோலவே இருந்தது. நிறுத்தினால் அது மட்டும்தான் கேட்கும் என்று பயந்து நிறுத்தாமல் வாசித்தாள். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு, அதிலிருந்து அடுத்ததற்கு. எது மறந்தது, எது வந்தது என்று பார்க்க நேரமில்லை. ஆடுகிறவர்கள் வேர்த்து விறுவிறுத்து, "போதும் ஸேடி, கொல்லாத!" என்று கத்தினார்கள்.

பத்து நாளில் காற்று மாறி ஏரி மறுபடி இறுகியது. டொமினிக் வேறொரு வண்டியில் பெக்கையே பூட்டிக்கொண்டு, ஸேடி தங்கியிருந்த வாட்டி மாமா வீட்டு வாசலில் வந்து நின்றான். "இப்ப கல்லு மாதிரி இருக்கு அக்கா. அக்கரைக்குப் போலாம், வரியா?"

ஸேடி கதவைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. "கப்பல் வரட்டும்" என்றாள்.

திரும்பிப் போகாததால் சலவைக்கடை வேலை போயிற்று. ஏப்ரல் கடைசியில்தான் முதல் கப்பல் வந்தது. அதுவரை மறந்த மெட்டுகளை வாட்டி மாமா வாயால் முணுமுணுத்துக் காட்ட, தவக்காலமாயிற்றே என்று வெளியே கேட்காதபடி சன்னல்களை அடைத்துவிட்டு, அவள் தினமும் மெதுவாக வாசித்துக்கொண்டிருந்தாள்.