கேட்டு நடந்த பாதை

“ஒங்க வீட்ல ஒருத்தருக்குமே வாய் கெடையாதா?” என்று ஷீபா ஒருமுறை இசைவாணியைக் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் இசைவாணிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அடுத்தவர் வாசலைத் தாண்டிக் கிணற்றுக்குப் போகிறோம், ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறோமே என்று அவளுக்கே நெடுநாளாக உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

சொல்லாமல் போவதுதான் அவர்கள் வீட்டுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்தில், புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்தபோது, இவளுடைய கொள்ளுத்தாத்தாவும் ஷீபாவின் கொள்ளுத்தாத்தாவும் கூட்டாகச் செக்கு போட்டு எண்ணெய் வியாபாரம் செய்தார்கள். கூட்டு முறிந்து கோர்ட்டுக்குப் போனார்கள். செக்கு நின்ற முன்மனை ஷீபா வீட்டாருக்கு, பின்னால் இருந்த கிணறும் கொல்லையும் இவர்களுக்கு என்று தீர்ப்பானது. கிணற்றுக்கு வண்டிப்பாதை முன்மனை வழியாகத்தான். அது உரிமையா, அவர்கள் தயவில் விடுகிற வழியா என்று கோர்ட்டில் கேட்டபோது, இவர்கள் வண்டியை ஓட்டினவர் கூண்டில் ஏறி, “நாங்க யாரையும் கேட்டுப் போனதில்லீங்க” என்று சொன்னாராம். அந்தச் சொல்லில் பாதை உரிமையென்று நிலைத்தது.

அன்றிலிருந்து இசைவாணி வீட்டார் யாரும் அங்கே கேட்டு நடந்ததில்லை. ஷீபாவின் தாத்தா இறந்து, வாசலில் ஜெபம் நடந்த நாளில்கூட இசைவாணியின் அப்பா பிச்சை தோளில் மண்வெட்டியோடு கூட்டத்தின் நடுவே நடந்து போனார். ஊர் காறித் துப்பியது. துப்பட்டும் என்று இருந்துவிட்டார்.

இசைவாணிக்கு அந்தத் தைரியம் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரலே எழும்பாது. பதினொன்றாவதோடு நின்றுவிட்டவள் அவள். விடியற்காலை அப்பா கட்டட வேலைக்குப் போன பிறகு, மோட்டார் போடுவது அவள் வேலை. ஷீபா அந்தக் கேள்வி கேட்டதற்கு மறுநாள், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளிடம் இசைவாணி நெருங்கி, “போகட்டுமாக்கா?” என்றாள்.

“போடி ராசாத்தி” என்றாள் ஷீபா.

அவ்வளவுதான். அப்புறம் தினமும் அது நடந்தது. திருச்சியில் பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஷீபா, அவளை வாணி என்று கூப்பிட்டாள். ஜாக்கெட் தைக்க அளவு எடுக்கக் கற்றுக் கொடுத்தாள். கிறிஸ்துமஸ் கேக்கை வாழை இலையில் சுற்றி, “வீட்டுக்குக் கொண்டுபோகாத, இங்கனயே தின்னு” என்று கொடுத்தாள். இரண்டு வருடம் இசைவாணி வாய் திறந்து பேசிய இடம் என்றால் அந்தப் பாதைதான்.

போன பொங்கலுக்கு ஷீபா கையில் செல்போனை வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவ கேளு வாணி, சத்தமா. ஒன் கொரல் எவ்வளவு நல்லாருக்குன்னு ஒனக்கே தெரியல” என்றாள். தன் குரலை யாரும் அப்படிச் சொன்னதில்லை. இசைவாணி சிரித்துக்கொண்டே சத்தமாகக் கேட்டாள்.

மாசியில் ஷீபாவின் அப்பா ஜெபக்குமார் பாதையை மறித்துக் கல்லுக்கால் ஊன்றினார். ரோடு அகலமான பிறகு முன்மனையில் கல்யாண மண்டபம் கட்ட நினைத்தார். பிச்சை வழக்குப் போட்டு, வேலைக்குத் தடை வாங்கினார். பழைய தீர்ப்பு நகலைக் கரையான் அரித்துவிட்டது. கோர்ட் ஆபீசில் தேடியும் கிடைக்கவில்லை. இத்தனை காலம் கேட்காமல் நடந்த நடை போதும், அதுவே உரிமை என்று வக்கீல் தெம்பு சொன்னார். தோற்றால் கொல்லைக்கு டிராக்டர் போகாது. வழியில்லாத கொல்லையை வாங்க ஜெபக்குமாரைத் தவிர யாரும் வரமாட்டார்கள். கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிட்டுப் பிச்சை கடைசிவரை சித்தாள் வேலை பார்க்க வேண்டியதுதான்.

ஷீபா வெளிர் காட்டன் சேலையில் சாட்சிக் கூண்டில் ஏறினாள். அந்தப் பெண் தினமும் எங்களிடம் கேட்டுத்தான் போகும், நாங்களும் பாவம் என்று விடுவோம் என்றாள். பிறகு அவர்கள் வக்கீல், பொங்கலுக்கு அவள் செல்போனில் எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்.

“போகட்டுமாக்கா?”

கோர்ட் முழுக்க அந்தக் குரல் கேட்டது. யார் பேசுவது என்பதுபோல் பிச்சை சுற்றும் முற்றும் பார்த்தார். மகள் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதே இல்லை. தெரிந்துகொண்டதும் தலையைக் குனிந்துகொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“எத்தன நாளா?”

“ரெண்டு வருசமாப்பா.”

குளத்தூர் பஸ்ஸில் அவர் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். இசைவாணி பின்னால் ஜன்னலோரம் இருந்தாள். பாதி வழியில்தான் அவளுக்கு நினைவு வந்தது. வாய் கிடையாதா என்று ஷீபா கேட்டதற்கு முந்தைய வாரம், ஜெபக்குமார் சர்வேயரைக் கூட்டிவந்து முன்மனையில் சங்கிலி பிடித்து அளந்தார். ஷீபாதான் அவர்களுக்கு மோர் கொடுத்துக்கொண்டு நின்றாள். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அளவு அன்றைக்கே முடிந்திருக்கிறது. கேக்கும் ராசாத்தியும் அதற்கப்புறம்தான் வந்திருக்கின்றன.

வீட்டில் அம்மா முனியாயி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். “ஊரே துப்புனாலும் நடந்தாரு ஒங்கப்பா. ஒனக்கு மட்டும் நல்ல பேரு கேட்டுச்சாக்கும்” என்றாள்.

தீர்ப்பு வரும்வரை அவர்கள் பாதையை மறிக்கத் தடை இருக்கிறது, போக்குவரத்தை விட்டுவிடாதீர்கள் என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். மறுநாள் காலையில் மோட்டார் சாவி ஆணியில் தொங்கியது. போ என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

ஷீபா துணிக்கொடியருகே நின்றாள்.

“வாணி, நான் ஒரு பொய்யும் சொல்லல. நீ கேட்டியா இல்லையா?”

இசைவாணிக்கு வலித்தது அதுதான். பொய் என்று சொல்லவும் வழியில்லை. அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

“பேசமாட்டியா? சரி, போ” என்றாள் ஷீபா.

அந்த “போ”வைக் கேட்டதும் பாதிப் பாதையில் இசைவாணி நின்றாள். திரும்பினாள். வந்த வழியே ரோட்டுக்குப் போய், பாதை தொடங்குகிற இடத்தில் நின்று, மறுபடி முதலிலிருந்து நடக்கத் தொடங்கினாள். கொடியருகே வந்ததும் ஷீபாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். ஷீபாவின் வாய் திறந்தது, அப்படியே மூடிக்கொண்டது. இசைவாணி சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அவளைக் கடந்து கிணற்றுப் பக்கம் போனாள்.