மீதி நாலு சதவீதம்

கிளாட்வினின் இடது கணுக்காலை நான் பிடித்து போன ஆவணியோடு பதினோரு வருஷம் முடிந்தது. நான் லெஃப்ட் கார்னர். கணுக்கால் பிடிப்பதுதான் என் வேலை. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

மாவட்டக் கபடி இறுதிப் போட்டி அது. முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. கடைசிப் பாட்டு கிளாட்வினுடையது. எங்கள் பக்கம் பாடி வந்தவன் திரும்பி ஓடும்போது நான் பாய்ந்து காலைப் பிடித்தேன். இரண்டு பேரும் குப்புற விழுந்தோம். அவன் வலது கை நடுக்கோட்டை நோக்கி நீண்டிருந்தது. விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண். தொட்டால் புள்ளி அவர்களுக்கு, தொடாமல் மூச்சை விட்டால் எங்களுக்கு. ஜெயிக்கிற அணியில் ஏழு பேருக்கும் மாவட்ட அலுவலகத்தில் வேலை என்று முன்பே அறிவித்திருந்தார்கள். ஏழும் பென்ஷன் உள்ள வேலை.

அந்தச் சமயத்தில்தான் அரங்கத்தைச் சீரமைக்கச் சொல்லும் அரசாணை மைதானத்துக்குள் வந்தது. பணி முடியும்வரை அரங்கத்தில் உள்ளவை எல்லாம் உள்ளது உள்ளபடியே இருக்க வேண்டும் என்று அதன் மூன்றாம் பத்தி சொன்னது. மற்ற பன்னிரண்டு ஆட்டக்காரர்களும் எதையும் பிடித்திருக்கவில்லை, யாராலும் பிடிக்கப்பட்டிருக்கவுமில்லை. அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடுவர் தனுஷ்கோடி சார் வாயில் வைத்த விசிலோடு இருந்து ஆறாம் வருஷம் ரிட்டயர் ஆனார். கடைசி விசிலை ஊதாததால் அவருக்குப் பென்ஷன் நிற்கிறது. பாவம் மனுஷன், இட்லியைக்கூட விசிலுக்குப் பக்கவாட்டில் தள்ளித்தான் சாப்பிடுகிறார்.

முதல் பதினெட்டு நாள் கிளாட்வின் சொந்த மூச்சிலேயே பாடினான். அப்புறம் துறை அதை ஒப்பந்தத்துக்கு விட்டது. குறைந்த விலை கேட்டவருக்கு டெண்டர் போயிற்று. அவர் அனுப்பும் ஆட்கள் மூன்று ஷிஃப்டாக வந்து, எங்கள் தலைமாட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து “கபடி, கபடி” என்று சொல்கிறார்கள். சம்பளம் வராத மாதங்களில் “கப, கப” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். குறைந்த விலை டெண்டர் அப்படித்தான் இருக்கும். கிளாட்வினுக்கு வாய் ஓய்ந்ததால் நாங்கள் பேச ஆரம்பித்தோம்.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று ஆளுக்கு இரண்டு பர்மிஷன் உண்டு. நான் எழுந்து போகும்போது துறை முத்திரை குத்திய செங்கல் ஒன்றை அவன் கணுக்கால் மேல் வைத்துவிட்டுப் போவேன். அவன் போகும்போது அதே செங்கல்லை நான் பிடித்திருப்பேன். என் கல்யாணம் மட்டும் மைதானத்திலேயே நடந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்த சொர்ணத்தின் அப்பா, முட்டி போட்டுக் குனிந்து அந்த ஒரு சாணை நெடுநேரம் பார்த்தார். “மாப்ளைக்கி வேல உறுதிதான்” என்று பெண் வீட்டாரிடம் சொன்னார். தாலி கட்ட எனக்கு ஒரு கைதான் ஓய்வாக இருந்தது. கிளாட்வின் உடம்பை முறுக்கித் தன் இடது கையைத் தந்தான். முதல் முடிச்சு நாங்கள் இரண்டு பேரும் போட்டது. மீதி இரண்டையும் என் அக்கா போட்டாள். ஒரு மகனும் பர்மிஷனிலேயே பிறந்தான்.

வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. முதல் வருஷம் காலரியை இடித்தார்கள். இரண்டாம் வருஷம் பள்ளம் தோண்டினார்கள். மூன்றாம் வருஷம், தோண்டிய மண் இடத்தை அடைக்கிறது என்று பள்ளத்திலேயே போட்டு மூடினார்கள். நிதி ஒவ்வொரு வருஷமும் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வந்து முப்பத்தொன்றாம் தேதி திரும்பிப் போய்விடும். வந்த களைப்பு தீர டீ குடிக்கக்கூட அதற்கு நேரம் இருந்ததில்லை.

பணியைக் கண்காணிக்க ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவைக் கண்காணிக்க இன்னொரு குழு. இரண்டும் ஒன்றையொன்று ஏன் இதுவரை பார்த்துக்கொள்ளவில்லை என்று விசாரிக்க மூன்றாவது குழு. எந்தக் குழு வந்தாலும் முதல் காரியமாக அந்த ஒரு சாணை அளப்பார்கள். கோப்பில் ‘சாண்’ என்றே பதிவாகியிருந்ததால் டேப் வைத்து அளக்க விதி இல்லை. குழுத் தலைவர் தன் கையால்தான் அளக்க வேண்டும். முதல் தலைவர் பனைமரம் மாதிரி ஆள். அவருக்கு ஒரு சாண் வந்தது. அடுத்தவருக்குக் குழந்தைக் கை. ஒன்றேகால் சாண் வந்தது. ‘கால் சாண் முன்னேற்றம்’ என்று எழுதினார்கள். அந்த அறிக்கையைக் காட்டித்தான் திட்ட மதிப்பு எட்டுக் கோடியிலிருந்து பத்தொன்பது கோடி ஆயிற்று. அதற்குப் பிறகு குழுத் தலைவர்களைக் கை பார்த்தே நியமித்தார்கள்.

ஐந்தாம் வருஷம் மைதானத்தைச் சமப்படுத்தினார்கள். அதில் நடுக்கோடே போய்விட்டது. கோடுகள் எல்லாம் நான்காம் கட்டப் பணியில் வருமாம். நான்காம் கட்டத்துக்கு நிதி இல்லை. ஆறு வருஷமாக கிளாட்வினின் விரல் வெறும் மண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. குழுக்கள் அந்த மண்ணை அளந்துகொண்டு போயின.

போன புரட்டாசியில் உதவிப் பொறியாளர் செண்பகவல்லி மேடம் வந்தார். நல்ல மாதிரி. எங்களிடம் பேசும்போது தரையில் உட்கார்ந்துதான் பேசுவார்.

“முப்பிடாதி, தொண்ணூத்தாறு சதவீதம் முடிஞ்சிட்டு” என்றார்.

“மீதி நாலு மேடம்?”

“நீங்க ரெண்டு பேருந்தான். ஆளுக்கு ரெண்டு.”

கிளாட்வின் கழுத்தைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். “காலரி எங்க மேடம்? உக்கார ஒரு படிகூட இல்லியே.”

“அது தொண்ணூத்தாறுல வருது கிளாட்வின்.”

பிறகு பையிலிருந்து ஆளுக்கொரு நோட்டீஸ் எடுத்துக் கொடுத்தார். அரங்கத்தை ஆக்கிரமித்துத் திட்டத்தைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அசையாதே என்று எழுதிக் கொடுத்ததும் அவர்கள், ஏன் அசையவில்லை என்று கேட்பதும் அவர்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டினால் பிள்ளை என்னதான் செய்யும்? இருந்தாலும் விளக்கம் எழுதிக் கொடுத்தேன், ஒற்றைக் கையால்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. அந்த வேலைக்கு வயது வரம்பு நாற்பது. அந்தத் தை பத்தொன்பதோடு எனக்கு நாற்பது முடியும். கிளாட்வினுக்கு அதற்கு ஒன்பது நாள் கழித்து. தை தாண்டினால் ஜெயித்தவனுக்கும் ஒன்றுமில்லை. சொர்ணம் சாப்பாட்டுத் தூக்கோடு வரும்போதெல்லாம் நாள் எண்ணிச் சொல்லுவாள். “பதினோரு வருசம் புடிச்சாச்சி, இன்னும் ஒரு மாசந்தான். விட்டுராதிய” என்பாள்.

மார்கழியில் உயர்மட்டக் குழு வருவதாகத் தகவல் வந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கப் போகிறார்களாம். அதற்காக நடுக்கோடு மட்டும் அவசரமாகப் போட ஏற்பாடாயிற்று. சுண்ணாம்பு வாளியோடு ஒருவர் எதிர்க்கோடியிலிருந்து கோடு போட்டுக்கொண்டு வந்தார். நேராக எங்களை நோக்கித்தான் வந்தார்.

கிளாட்வின் என் பக்கம் திரும்பினான். இத்தனை வருஷத்தில் அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

“மக்கா, அந்த ஒரு சாண் விட்டுக் குடுல. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைய.”

“எனக்கும் ஒரு பய இருக்காம்ல.”

“தெரியும். சும்மாதான் கேட்டேன்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என் கல்யாணத்தில் தாலி முடிந்தவன். அழுதுகொண்டே பிடியை இறுக்கினேன். கிளாட்வினும் விரலை நீட்டிக்கொண்டே அழுதான். கோடு எங்களுக்கு ஆறடி தூரத்தில் நின்றது. மதிப்பீட்டில் அவ்வளவுக்குத்தான் சுண்ணாம்பு இருந்தது. அவர் வாளியைக் கவிழ்த்துத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் குழுவினர் ஒன்பது பேர் வந்தார்கள். தலைவர் விரலைப் பார்த்தார், கோடு நின்ற இடத்தைப் பார்த்தார்.

“கோடு விரல் வரைக்கும் வரல. அதனால தொட்டாரா, தொடலையாங்கிற கேள்வியே எழல” என்றார். “ரெண்டு அணியுமே ஜெயிக்கல.”

“அந்த ஏழு வேல சார்?” என்று கேட்டேன்.

“அத யாருக்காவது குடுத்துத்தான் ஆகணும். இல்லன்னா காலியிடம் ரத்தாயிரும்.”

வெயில் ஏறியதால் குழு நிழலுக்கு ஒதுங்கியது. அது காலரிக்கான கூரை. காலரிக்கு நிதி வரவில்லை, கூரைக்கு மட்டும் வேறு கணக்கில் வந்திருந்தது. அதை ஏழு தூண்கள் தாங்கிக்கொண்டு நின்றன. தலைவர் தூண்களை எண்ணினார். செண்பகவல்லி மேடத்திடம் அவற்றின் வயதைக் கேட்டார். ஏழு வருஷம் என்று மேடம் சொன்னார்.

“நாப்பதுக்குக் கீழதான். ஒரு அணிக்குச் சரியா ஏழு பேர். அரசாணை வந்த பிறகு எந்தப் பர்மிஷனும் எடுக்கல” என்று சொல்லித் தலைவர் கையெழுத்துப் போட்டார். ஒன்பது பேரும் போட்டார்கள்.

“இனி விட்டுரலாம் முப்பிடாதி” என்றார் மேடம்.

விட்டேன். என் விரல்கள் விரியவில்லை. கிளாட்வினுக்குக் காலை ஊன்ற வரவில்லை. தூக்கோடு நின்ற சொர்ணம், “நாசமாப் போற பயலுவ, வெளங்குவானுவளா!” என்று மண்ணை வாரித் தூற்றினாள். குழு அதற்குள் காரில் ஏறியிருந்தது.

திங்கட்கிழமை ஏழு தூண்களும் வேலையில் சேர்ந்தன.

கூரைக்கு ஆள் தேவைப்பட்டது. தற்காலிகப் பணி, தொகுப்பூதியம், வயது வரம்பு கிடையாது. எங்கள் இரண்டு அணியிலிருந்தும் பதினான்கு பேர் மனுப் போட்டு, நானும் கிளாட்வினும் உட்பட ஏழு பேர் தேர்வானோம். நான் ஐந்தாம் இடத்தில் நிற்கிறேன், அவன் ஆறில். பணி நூறு சதவீதம் முடிந்தது என்று அறிவித்துத் திறப்பு விழாவும் நடத்தினார்கள். நாங்கள் கை தட்ட முடியவில்லை. கூரை கையில் இருந்தது.

போன வாரம் ஆய்வுக்கு ஒரு தூண் வந்திருந்தது. கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். எங்கள் ஒவ்வொருவர் நெஞ்சிலும் தட்டி, காதை வைத்துக் கேட்டது. கிளாட்வினிடம் மட்டும் இரண்டு தடவை தட்டியது. விரிசல் இருப்பதாக எழுதிக்கொண்டு போனது.

அவனை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதற்கான டெண்டர் விளம்பரம் இன்று காலைப் பேப்பரில் வந்திருக்கிறது. சொர்ணம் பிரித்துக் காட்ட, கிளாட்வின் கூரையைத் தாங்கியபடியே முழுக்க வாசித்தான். மதிப்பீட்டை ரொம்பக் குறைவாகப் போட்டிருக்கிறார்கள் என்றான்.