யார் தின்றது அந்த ஐந்து வோல்ட்டை?

மலையைப் பாதி ஏறுவதற்குள் கார் இருமியது. ஒரே குலுக்கல். சாலையோரம் ஒதுங்கி மூச்சை விட்டுவிட்டது.

மெக்கானிக் சாவியைத் திருகினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. பக்கத்து இருக்கையில் அவன் தங்கச்சிக்கு முகம் வெளிறிப்போனது.

“அண்ணே, பதினொரு மணிக்குக் கோர்ட்டு. இன்னைக்கும் நான் போய் நிக்கலேன்னா பாப்பாவை அவ அப்பன்கிட்டக் குடுத்துடுவேன்னு நீதிபதி சொல்லிட்டாரு.”

“தெரியும்மா. கொஞ்சம் சும்மா இரு.”

“ஊருக்கே வண்டி பார்க்கிறவன் வண்டியை நம்பி ஏறினேன் பாரு!”

செல்போனில் சிக்னல் இல்லை. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டியின் சத்தம்கூட இல்லை.

வண்டியின் கோளாறைச் சொல்லும் ஸ்கேனரைச் சொருகினான். ‘எரிபொருள் அழுத்த சென்சார் கோளாறு’ என்றது திரை. டீசல் என்ன அழுத்தத்தில் போகிறது என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் விரலளவுச் சாமான். அது ஊமையானால் எஞ்சின் உயிர் பெறாது.

நல்ல வேளையாக, ஒரு வாடிக்கையாளருக்காக வாங்கிய புது சென்சார் டிக்கியில் கிடந்தது. பரபரவென்று மாற்றினான். சட்டைக் கை முழுக்க டீசல். சாவியைத் திருகினான்.

இப்போதும் எஞ்சின் பிடிக்கவில்லை. திரையில் மறுபடியும் அதே எழுத்துகள்.

‘ஸ்கேனர் சொல்றதை ஒப்பிக்கிறதுக்கு மெக்கானிக் எதுக்குடா?’ என்று பட்டறையில் ஊரையே கிழிப்பவன், இன்று பதற்றத்தில் அதையேதான் செய்திருக்கிறான்.

மல்டிமீட்டரை எடுத்தான். சென்சாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் ஒன்றில் ஐந்து வோல்ட் இருக்க வேண்டும். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

சென்சார் சாகவில்லை. கரண்டு வராமல் யாரோ அதைப் பட்டினி போட்டிருக்கிறார்கள்!

“இதே கரண்டு இன்னும் சில சென்சாருக்கும் போகுதும்மா. அதுல ஏதோ ஒண்ணு கெட்டுப்போய் மொத்தத்தையும் முழுங்குது. நான் ஒவ்வொண்ணா கழட்டறேன். நீ மீட்டரைப் பிடி. நம்பர் ஏறினா கத்து.”

ஒன்றைப் பிடுங்கினான்.

“பூஜ்யம்.”

இன்னொன்று.

“பூஜ்யம்ணே. மணியாகுதுண்ணே...”

“மணியைப் பார்க்காதே, மீட்டரைப் பாரு!”

ரேடியேட்டர் பக்கம் கையை விட்டான். தோல் சுட்டுப் பொசுங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததை இழுத்தான்.

“அஞ்சு! அண்ணே, அஞ்சு வந்துடுச்சு! என்னத்தைக் கழட்டினே?”

கையை வெளியே எடுத்துப் பார்த்தான். கையிலிருந்தது ஏ.சி.யின் கேஸ் அழுத்தத்தைப் பார்க்கும் இணைப்பு. நேற்று சாயங்காலம் அவனே உடைசல் வண்டி ஒன்றிலிருந்து ஒரு சென்சாரைக் கழற்றி அங்கே மாட்டியிருந்தான். ‘கோர்ட்டுல வேர்த்து வழிஞ்சுக்கிட்டு நின்னா பயந்துட்டேன்னு நினைப்பாங்க, எனக்கு ஏ.சி. வேணும்ணே’ என்று அவள் கேட்டிருந்தாள். புதுசு வாங்க நேரமில்லை. மலையேற்றச் சூட்டில் அது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கிறது.

“ஏ.சி.தாம்மா. என் தப்பு.”

அவள் ஒரு கணம் முறைத்தாள். “திட்டறதை அப்புறம் வெச்சுக்கறேன். எடு வண்டியை!”

அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இணைப்புகளைத் திரும்பச் சொருகினான். எஞ்சின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. மீதி மலையில் அவன் எங்கே பிரேக் போட்டான், எங்கே போடவில்லை என்பது அவனுக்கே தெரியாது.

கோர்ட் வளாகத்தில் கார் நிற்பதற்குள் அவள் குதித்துவிட்டாள். பின்னாலேயே ஓடினான். கதவுக்கு உள்ளே, அவள் புருஷனின் வக்கீல் எழுந்து நின்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

“இந்த அம்மாவுக்குக் குழந்தைமேல அக்கறை இருந்தா இன்னைக்காவது வந்திருப்பாங்க. ஆகவே...”

“வந்திருக்கேங்கய்யா!”

குரல் உடைந்து கூடம் முழுக்கத் தெறித்தது. நீதிபதி நிமிர்ந்தார்.

“கத்தாதீங்க. வந்து முன்னால உட்காருங்க.” பிறகு வக்கீலின் பக்கம் திரும்பினார். “நீங்களும் உட்காருங்க. இவங்களையும் கேட்காம நான் எதையும் முடிவு பண்ணப் போறதில்லை.”

கதவுக்கு வெளியே மெக்கானிக், பொசுங்கிய கையை மடியில் வைத்துக்கொண்டு, தாழ்வாரத்துச் சுவரோரம் அப்படியே சரிந்து உட்கார்ந்தான்.