பொத்தான் கம்பெனியும் பதினோராவது மூட்டையும்

போர் காலையில் முடிந்தது. மதியத்துக்குள் ராஜ்யத்தை மூட்டை கட்டிவிட்டார்கள். மொத்தம் பதினேழு மூட்டை.

ஜெயித்தது பொத்தான் கம்பெனி. கடல் தாண்டி வந்து கொட்டுமுனைத் துறைமுகத்தில் சட்டைப் பொத்தான் விற்கிற கம்பெனி அது. ஊரில் பாதிப் பேருக்குச் சட்டை கிடையாது. வியாபாரம் என்னவோ நன்றாகத்தான் நடந்தது.

அரண்மனை வாசலில் சுமைக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். சன்னாசியின் முறை வந்ததும் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தான். இரண்டு பேர் பதினோராவது மூட்டையைத் தூக்கி ஏற்றினார்கள்.

"என்ன சரக்கு?" என்று கேட்டான். கேட்காமல் சுமப்பது அவன் வழக்கமில்லை.

கம்பெனிக் குமாஸ்தா தாமோதரம் காகிதத்தைப் பார்த்தான். "கிழக்குத் தெருவுல இருந்து உப்பளம் வரைக்கும்."

சன்னாசியின் வீடு கிழக்குத் தெருவில் இருந்தது. இருபது அடி நடந்திருப்பான். தலைக்கு மேலே கருவாட்டுக் குழம்பு மணத்தது.

"ஏய்யா, குலுக்காம நடக்கத் தெரியாதா? அடுப்புல குழம்பு கொதிக்குது." அவன் பெண்டாட்டி ஒச்சாயியின் குரல்.

"நீ உள்ளயா இருக்க?"

"பின்ன எங்க இருப்பேன்? வீட்டுலதான் இருக்கேன்."

"வெளிய வா."

"கதவைத் தொறந்தா சாக்குதான் தெரியுது. நல்லா நெருக்கித் தச்சிருக்கானுவ. பக்கத்து வீட்டுக்காரி வேற ஒப்பாரி வைக்கிறா."

மூட்டைகள் எல்லாம் துறைமுகத்துக் கம்பெனிக் கிடங்குக்குப் போய்க்கொண்டிருந்தன. கிடங்குக்குள் போன சரக்குக்கு முத்திரை விழும். முத்திரை விழுந்தது கப்பலுக்குப் போகுமே தவிர வீட்டுக்கு வராது. முப்பது வருஷம் சுமந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவனுக்கு முன்னால் பத்தாவது மூட்டையைச் சுமந்து போனவர் ராஜா. சும்மாடு இல்லாததால் கிரீடத்தின் மேலேயே ஏற்றியிருந்தார்.

"எப்படி மகராசா தோத்தீங்க?"

"பொத்தானைக் காக்கச் சுவர் கேட்டாங்க. கொடுத்தேன். சுவரைக் காக்க ஆள் கேட்டாங்க. கொடுத்தேன். ஆளைக் காக்கப் பீரங்கி கேட்டாங்க. எல்லாம் நியாயமாத்தான் பட்டுச்சு. காலையில பார்த்தா பீரங்கி என்னைப் பார்த்துத் திரும்பியிருந்தது."

"அவங்க பத்தொம்பது பேருதானே. நம்ம கிட்ட நாப்பதாயிரம் பேரு இருந்தாங்களே?"

"இருந்தாங்க. தளபதி எல்லாரையும் தோப்பு நிழல்ல உக்கார வச்சுட்டார். எந்திரிக்க வேண்டாம்னுட்டார். கம்பெனி அவருக்கு என் சிம்மாசனத்தைத் தர்றதாச் சொல்லியிருக்கு."

"குடுத்துட்டாங்களா?"

"அது ஒன்பதாவது மூட்டையில போயிருச்சு."

நேற்று வரை கிடங்கு பத்து அடி நீளம். ஒவ்வொரு மூட்டை உள்ளே போகும்போதும் அது நீண்டது. இப்போது அதன் மறுகோடியில் வேறு வெயில் அடித்தது.

அரண்மனை வாசலில் விட்டுவந்த தாமோதரம் கிடங்கு வாசலிலும் உட்கார்ந்திருந்தான்.

"சாமி, இதுக்குள்ள என் பெண்டாட்டி இருக்கா. அவளை மட்டும் இறக்கிக்கிறேன்."

"அவ இருக்கான்னு ராஜா கையெழுத்துப் போட்ட காகிதம் இருக்கா?"

"ராஜா இந்தா முன்னால போறாரே."

"அவர் கூலி. இன்னையிலேருந்து கம்பெனிதான் ராஜா."

"அப்பக் கம்பெனிகிட்ட வாங்கித்தாங்க."

"கம்பெனிக்குக் கை கிடையாதுப்பா."

கொட்டுமுனைத் துறைமுகத்தில் ஒரு சட்டம் உண்டு. பாதி வழியில் மூட்டையை இறக்கினவனுக்கே அந்த மூட்டை சொந்தம். அதற்கு வரும் கேடும் அவனுக்கே சொந்தம். இந்தப் பயத்தில் எவனும் இறக்குவதில்லை. சன்னாசியின் அப்பன் இறக்காமலே முதுகு ஒடிந்து செத்தான்.

சன்னாசி வாசற்படிக்கு ஓரடி முன்னால் நின்றான். மூட்டையைத் தரையில் இறக்கினான்.

வரிசை நின்றுபோனது. தாமோதரம் பேனாவை வைத்துவிட்டு எழுந்து சன்னாசியைக் கும்பிட்டான்.

"மகராசா, உங்க ராஜ்யத்தோட எங்களுக்குச் சண்டை வந்திருக்கு. இங்கேயே வச்சுக்கலாமா? மழை வர்ற மாதிரி இருக்கு."

கம்பெனியின் பத்தொன்பது சிப்பாய்களும் பீரங்கியை உருட்டி வந்தார்கள். வாசற்படிக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்கள். போர் அந்த வட்டத்துக்குள் நடக்கும் என்றார்கள். கிடங்குக்குள் இருந்து ஒருவர் குடை பிடித்தபடி வந்து சன்னாசியின் பக்கத்தில் நின்றார்.

"நான்தான் உங்க தளபதி."

"நீங்க பழைய ராஜாவோட ஆளுல்ல?"

"அது போன சண்டையில."

"இந்தச் சண்டையில என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். நல்ல அனுபவம் இருக்கு, பயப்படாதீங்க."

மூட்டைக்குள்ளிருந்து ஒச்சாயி கேட்டாள். "யாருய்யா அது?"

"நம்ம தளபதியாம்."

"சாப்பிட்டாரான்னு கேளு."

"கம்பெனியிலயே சாப்பிட்டாச்சும்மா," என்றார் தளபதி.

சிப்பாய்கள் பீரங்கியில் மருந்து கெட்டித்துக்கொண்டிருந்தார்கள். சன்னாசி மூட்டையைப் பார்த்தான். தெருவளவு மூட்டையை ஒற்றை ஆள் தலைக்கு ஏற்ற முடியாது. மற்றச் சுமைக்காரர்கள் தலையில் ஆளுக்கொரு சீமை. பக்கத்தில் வெறுங்கையோடு நின்றது ஒரே ஆள்தான்.

"ஐயா, சும்மா நிக்கிற நேரத்துல இப்படி ஒரு கை பிடிங்க."

தளபதியிடம் இதுவரை யாரும் வேலை சொன்னதில்லை. குடையை மடக்கினார். குனிந்தார். முக்கித் தூக்கி ஏற்றிவிட்டார்.

"என்ன இவ்வளவு கனம்?"

"ஆளு குடியிருக்கிற தெருவுய்யா. அப்படித்தான் இருக்கும்."

சன்னாசி கிடங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாக நடந்தான். யாரும் தடுக்கவில்லை. போர் வட்டத்துக்குள்தான் என்று முடிவாகியிருந்தது. வட்டத்துக்குள் தளபதி மட்டும் நின்றார். அவர் குடையை மறுபடி விரித்துக்கொண்டார். ராஜா பத்தாவது மூட்டையோடு திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இறக்கிவிடலாமா என்று ஒரு யோசனை வந்த மாதிரி இருந்தது.

பின்னால் பீரங்கி வெடித்தது. கைதட்டல் கேட்டது. யாரோ கொம்பு ஊதினார்கள்.

"என்னய்யா சத்தம்?" என்றாள் ஒச்சாயி.

"நாம தோத்துட்டோம்."

"சரி. நீ நிக்காம நட."