உடன் வருபவர்

கண் மருத்துவமனைப் படிவத்தில் 'திருமணம்' என்ற கட்டத்தில் தையற்காரர் எப்போதும் 'இன்னும் இல்லை' என்றே எழுதுவார். வயது அறுபத்தொன்று. அந்த 'இன்னும்' கண்ணில் பட்டதும் சீட்டு எழுதும் பெண் சிரிப்பை அடக்கிக்கொள்வாள். அவருக்குச் சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான்: 'உடன் வருபவர்.' அது காலியாக இருந்ததால் புரை அறுவைச் சிகிச்சை இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது.

இரண்டு முறையும் கருத்துப் படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று குறியிட்டுவிட்டே வீடு திரும்பினார். ஆள் இல்லாதவன் குறை சொன்னால் அடுத்த முறை வாசலிலேயே நிறுத்திவிடுவார்களோ என்று பயம். இதற்குள் வெள்ளைச் சட்டைக்கு மஞ்சள் நூலில் பொத்தான் தைத்துக் கொடுக்கும் அளவுக்குப் பார்வை போய்விட்டது.

மூன்றாம் முறை, அண்ணி வருவதாகச் சொல்லிவைத்தார். முழங்கால் வலியோடு இருக்கும் அண்ணியிடம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற கண்டக்டர், அவருக்கும் புரைதான். குறை சொல்லும் பொறுப்பை அவர் மனைவி ஏற்றிருந்தார். மின்விசிறி ஏன் சுற்றவில்லை, குடிதண்ணீர் எங்கே என்று அந்த அம்மாள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. தையற்காரருக்கு அதைப் பார்க்கக் கொஞ்சம் பயமாகவும் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இருவருக்கும் ஒரே மாதிரி பச்சை அங்கி, பச்சைத் தொப்பி மாட்டிக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். அம்மாள் மருந்து வாங்கப் போன நேரத்தில் கண்டக்டர் மின்விசிறிக்கு அடியில் இடம் மாறிக்கொண்டார். திரும்பி வந்த அம்மாள் பழைய இடத்துக்கே போய், குனிந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்த தையற்காரரின் கையைத் தட்டிவிட்டார்.

"கண்ணைத் தேய்க்காதீங்கன்னு காலையிலேர்ந்து சொல்றேன். காது இருக்கா இல்லையா?"

"சரிம்மா."

அந்தப் பணிவில்தான் அம்மாளுக்குச் சந்தேகம் வந்தது. கணவர் ஒரே சொல்லில் 'சரி' என்று சொன்னதாக அவருக்கு நினைவே இல்லை. குனிந்து முகத்தைப் பார்த்தார்.

"நான் இங்க இருக்கேன்," என்றார் கண்டக்டர். "அவர் கல்யாணமே ஆகாதவர். அவருக்கு எதுக்கு இந்தத் தண்டனை?"

அதே நேரம் நர்ஸ் பட்டியலோடு வந்து அண்ணி எங்கே என்று கேட்டாள். தையற்காரர் தரையைப் பார்த்தபடி, வரமாட்டார், தான் சொல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். பட்டியலில் அவர் பெயரை அடிக்க நர்ஸ் பேனாவை எடுத்தாள்.

"அடிக்காதம்மா. எப்படியும் நான் இங்கதானே உட்காரப்போறேன். இவரையும் பார்த்துக்கறேன்," என்றார் அம்மாள்.

"என்ன உறவுன்னு எழுத?"

"திட்டுல பங்கு வாங்கிட்டாருல்ல," என்றார் கண்டக்டர். "பங்காளின்னு எழுதும்மா."

"தங்கச்சின்னு எழுது," என்றார் அம்மாள்.

மாலையில், ஆளுக்கு ஒரு கண்ணில் கட்டோடு இருவரும் உட்கார்ந்திருக்க, அம்மாள் கருத்துப் படிவத்தைப் படித்துக் காட்டினார். காத்திருந்த நேரம் எப்படி என்ற கேள்விக்குத் தையற்காரர் வழக்கமான பதிலைத் தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"ரொம்ப நேரம்மா. நாற்காலியும் சரியில்ல. முதுகு போச்சு."

"அப்படிச் சொல்லுங்கண்ணே," என்று அழுத்தி எழுதியவர், நிமிராமலே அதட்டினார். "கட்டுல கை வைக்காதீங்க."

யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டு கைகள் ஒன்றாகக் கீழே இறங்கின.