பம்பரத்தின் கடைசி ம்

1

இந்தக் கதை எனக்குக் குளியலறை வழியாக வந்தது. சிரிக்காதீர்கள். நசரத்பேட்டையில் எங்கள் ஃப்ளாட்டுக்கும் பக்கத்து ஃப்ளாட்டுக்கும் நடுவே குழாய்கள் இறங்குகிற சந்து ஒன்று உண்டு. அங்கே தும்மினால் இங்கிருந்து நான் 'நூறு' சொல்லலாம். ஒட்டுக்கேட்பது வேறு, காதில் விழுவது வேறு. (வேறுதானா சுலோசனா, என்கிறார் என் கணவர். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.)

தொடக்கத்தைப் பலவிதமாக எழுதிப் பார்த்தேன். 'விண்ணைக் கிழித்துக்கொண்டு ஒரு மாவீரன்…' அடித்துவிட்டேன். 'உஸ்மான் கனி பாய் காலையில் எழுந்ததும் ஒரு பஸ்ஸைத் தூக்கினார்.' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கேஸ் சிலிண்டரையே உருட்டிக்கொண்டு போகிறவர் அவர்.

சரி, உள்ளபடியே சொல்கிறேன். பக்கத்து ஃப்ளாட் பாய் வெளிநாட்டுப் படங்களுக்குத் தமிழில் குரல் கொடுப்பவர். இத்தனை காலமும் கூட்டத்தில் ஒருவராக "ஐயோ, ஓடுங்க!" என்று கத்தியவருக்கு, போன வருஷம் முதன்முறையாகக் கதாநாயகன் குரல் கிடைத்தது. படத்துக்குத் தமிழில் வைத்த பெயர் 'பறக்கும் நைனா'. ஒற்றைக் கையால் பஸ்ஸைத் தூக்குகிற அப்பா. பெற்ற பெண்ணைச் சாப்பிடக் கூப்பிட்டு உட்காரவைக்க முடியாத அப்பா. மெட்ராஸ் பாஷையில் வசனம். ஒரே சிரிப்பு.

2

பாய்க்கும் ஒரு மகள் உண்டு, ஃபிசா. நிச்சயம் முடிந்து, மிட்டாயும் கொடுத்த பிறகு (நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்) மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டாள். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. தோழிகளோடு அங்கேயே போய்விட்டாள். அவள் பெட்டியோடு கிளம்பியபோது பாய் சொன்னது எனக்குச் சந்து வழியாக… இல்லை, கதவு வழியாகவே கேட்டது:

"போ. இனிமே என் குரல் உன் காதுல வுழாது."

குரலை வைத்துப் பிழைக்கிறவர் அதை வைத்துத்தானே சபதம் போடுவார்! அதற்குப் பிறகு மகளோடு பேசுவது பாயின் மனைவி ஜுபைதாக்கா மட்டும்தான். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவார். பாய் அருகில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார், பக்கத்தைத் திருப்பாமல்.

3

இனி பூசணிக்காய்.

படத்தில் அந்த வெள்ளைக்காரர் மகளை 'பம்ப்கின்' என்று கொஞ்சுவார். மொழிபெயர்த்த புண்ணியவான் அப்படியே பூசணிக்காய் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். ஒரு நாள் காலை, பாய் குளியலறையில் வசனம் பழகுவது சந்தில் கேட்கிறது: "பூசணிக்கா, ஊட்டுக்கு வர்றியா?"

ஜுபைதாக்கா கத்தினார்: "பெத்த பொண்ண எவன்யா பூசணிக்கான்னு கூப்டுவான்? அடுத்து கத்திரிக்கான்னு சொல்லு, கூட்டு வெச்சுறேன்!"

மறுநாள் சந்தில் வேறு சொல் வந்தது. "பம்பரம், ஊட்டுக்கு வர்றியா?"

அவர்கள் அடுப்படியில் அவ்வளவு நேரம் ஓடிய மிக்ஸி நின்றது. ஃபிசா சின்ன வயதில் நின்ற இடத்தில் நிற்காமல் சுற்றுவாள். அப்பாவை அவள் 'அத்தா' என்பாள், அவர் அவளை 'பம்பரம்' என்பார்.

மாடியில் துணி காயப்போடும்போது நேராகவே கேட்டேன். "இன்னா பாய், பம்பரமாமே?"

"உதடு ஒட்டணும்மா, அவ்ளோதான். 'பம்'முன்னு வெள்ளக்காரன் வாய மூடுறான். பூசணிக்கா அங்க ஒக்காரல. பம்பரம் ஒக்காருது."

"கடைசில 'ம்' வருதே? அவன் வாய் தெறந்துல்ல இருக்கும்?"

"அத்த முழுங்கிடலாம்."

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. வாய்க்காக மாற்றினாரா, மகளுக்காகவா? எழுதுகிறவளுக்கே தெரியாவிட்டால் எப்படி? ஆகவே…

4

…படம் வந்ததும் ஃபிசாவுக்கு போன் போட்டேன். துணைக்கு ஆள் வேண்டும், வா என்றேன். யார் குரல் என்று நான் சொல்லவில்லை; ஜுபைதாக்காவைச் சொல்லவிடாமல் பாயே தடுத்திருந்தார்.

"ஆன்ட்டி, நீங்க எப்பலேந்து சூப்பர் ஹீரோ படம்லாம் பாக்குறீங்க?" என்று சிரித்தபடிதான் அம்பத்தூர் தியேட்டருக்கு வந்தாள்.

நைனா வாயைத் திறந்து முதல் வசனம் சொன்னார்: "இன்னா மாமே, பஸ்ஸ நடு ரோட்ல வுட்டுட்டு டீ குடிக்கப் பூட்டியா?" தியேட்டர் குலுங்கியது. ஃபிசா மட்டும் சிரிக்கவில்லை. பாப்கார்ன் பொட்டலத்துக்குள் போன கை அங்கேயே நின்றது. நைனா முதுகில் பறக்கிற போர்வை மின்விசிறியில் மாட்டிச் சுற்றியபோதும் அப்படியே இருந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் கோபித்துக்கொண்டு ஒரு கோபுரத்தின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். நைனா கீழே நிற்கிறார். பறக்கத் தெரிந்தவர், பறக்கவில்லை.

"பம்பரம்… ஊட்டுக்கு வர்றியா?"

அந்த 'ம்'மை பாய் முழுங்கவே இல்லை. திரையில் வெள்ளைக்காரரின் வாய் திறந்திருக்கிறது. 'ம்' மட்டும் தனியாக ஒலிக்கிறது. என் சந்தேகம் தீர்ந்தது.

பக்கத்து இருக்கையிலிருந்து, கூப்பிட்ட குரலுக்குப் பழக்கத்தில் பதில் வருகிறதே, அப்படி வந்தது:

"இன்னா அத்தா?"

5

முடிவுகள்.

ஃபிசா அங்கிருந்தே ஆட்டோ பிடித்து நசரத்பேட்டைக்கு ஓடி… வேண்டாம். அது சினிமா.

ஃபிசா போன் போடுகிறாள்; பாய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "என் குரல்தான் வுழாதுன்னேன். இது நைனா குரல்" என்கிறார். இது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனாலேயே நம்ப முடியவில்லை.

நடந்தது இவ்வளவுதான். விளக்குகள் எரிந்ததும் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவராண்ட சொல்லாதீங்க ஆன்ட்டி. நான் தோத்துட்டேன்னு நெனச்சுப்பார். சத்தியம் பண்ணுங்க." என் வாயைப் பற்றி இந்தப் பேட்டையே அறியும், ஆனாலும் பண்ணினேன்.

சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். எழுத மாட்டேன் என்று இல்லை. பெயர்களைக்கூட மாற்றவில்லை, கவனித்தீர்களா?

படம் தியேட்டரை விட்டுப் போய் மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் காலையில் பாய் பல் தேய்த்து முடித்ததும் சந்தில் அந்த வசனம் கேட்கிறது. "பம்பரம்… ஊட்டுக்கு வர்றியா?" பிறகு, டப்பிங்கில் எதிராளி பேசுவதற்கு விடுவார்களே, அந்த அளவுக்குக் கொஞ்சம் இடைவெளி. பிறகு குழாயை மூடுகிற சத்தம்.

அந்த இடைவெளியில் என்ன வசனம் வர வேண்டும் என்று எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும்.

உங்களிடம் யாரும் சத்தியம் வாங்கவில்லையே.